வேலைக்குப் போய்க்கொண்டே யு.பி.எஸ்.சி.: ஒரு நேரக் கணக்கு

அலுவலகம் போய்க்கொண்டே யு.பி.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களின் கால அட்டவணையை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறை கண்ணில் படும். எந்த வாரம் எந்தப் பாடம் என்று கட்டம் போட்டிருப்பார்கள். படித்ததை எப்போது திரும்பப் பார்ப்பது என்பதற்குக் கட்டமே இருக்காது. கடைசி வரியில் 'கடைசி இரண்டு மாதம் ரிவிஷன்' என்று மட்டும் இருக்கும். ப்ரிலிம்ஸ் என்கிற முதல்நிலைத் தேர்வு சமீப ஆண்டுகளில் மே கடைசியிலோ ஜூனிலோ வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் என்றால் மார்ச், ஏப்ரல். கணக்குப் பிரிவிலோ வங்கியிலோ இருப்பவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

கையில் இருக்கும் நேரத்தை முதலில் கூட்டிப் பார்க்கலாம். ஒன்பது முதல் ஆறு வரை வேலை என்றால் காலையில் இரண்டு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம். ஐந்து நாளில் 15 மணி. சனி, ஞாயிறு தலா ஆறு என்றால் மொத்தம் 27. கல்யாணம், காய்ச்சல், திடீர் மீட்டிங் என்று கழித்தால் 24 மணி நிற்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் என்று எழுதி வைப்பவர்கள் பத்தாம் நாள் அட்டவணையையே கிழித்துப் போடுவார்கள். 24 என்று எழுதுங்கள்.

இந்த 24-இல் செய்தித்தாளுக்கு நாலரை மணி, சிசாட்டுக்கு (ப்ரிலிம்ஸின் இரண்டாம் தாளான திறனறித் தாள்) மூன்று மணி, மாதிரித் தேர்வுக்கும் விடை எழுதிப் பழகவும் நாலரை மணி போனால் பாடத்துக்கு 12 மணி, அதாவது 720 நிமிடம் மிஞ்சும். ஒரு அத்தியாயத்துக்கு 90 நிமிடம் என்றால் வாரத்துக்கு எட்டு என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அதே அத்தியாயத்தை மறுநாள் 10 நிமிடம், ஒரு வாரம் கழித்து 15 நிமிடம், ஒரு மாதம் கழித்து 20 நிமிடம் என்று மூன்று முறை திரும்பப் பார்க்கவேண்டும். படிக்கும் ஒவ்வொரு அத்தியாயமும் 45 நிமிடக் கடனோடுதான் வருகிறது. 90-ம் 45-ம் சேர்ந்து 135. இப்போது 720-ஐ வகுத்தால் ஐந்துதான் வரும். எட்டு அத்தியாயம் போட்டவர் முந்திப் போவதாகத் தெரிவார். பிப்ரவரியில் முதல் புத்தகத்தைத் திறக்கும்போது அது புதுப் புத்தகமாக இருக்கும். அதனால் வாரத் தொடக்கத்தில் திரும்பப் பார்க்கும் வேலைக்கு முதலில் கட்டம் போட்டுவிட்டு, மிச்சத்தில்தான் புதிய பாடத்தை வைக்கவேண்டும்.

திரும்பப் பார்ப்பது என்றால் அடிக்கோடு போட்டதை மறுபடி வாசிப்பதல்ல. வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், ஏமாற்றுவதே அதுதான். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் 'பண மசோதா' என்று எழுதுங்கள். அரசியலமைப்பின் எந்த உறுப்பு, எந்த அவையில் அறிமுகம், யாருடைய பரிந்துரை வேண்டும், பண மசோதா என்று சான்றளிப்பவர் யார், மாநிலங்களவைக்கு எத்தனை நாள், கூட்டுக் கூட்டம் உண்டா, குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாமா? உறுப்பு 110, மக்களவை, குடியரசுத் தலைவரின் பரிந்துரை, சபாநாயகர், 14 நாள், கூட்டுக் கூட்டம் கிடையாது, திருப்பி அனுப்ப முடியாது. இதில் எது பேனாவில் வரவில்லையோ அதை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

புதிய பாடம் காலையில்தான். எட்டு மணி நேரம் கோப்பு பார்த்த மூளைக்கு இரவில் பணக்கொள்கை ஏறாது, ஏறினாலும் நிற்காது. இரவுக்குக் கேள்வி வைத்துக்கொள்ளலாம்: 25 கேள்வி, அரை மணி நேரம். மீதி அரை மணி நேரம் எது ஏன் தவறியது என்று குறிப்பதற்கு. தெரியாதது, தெரிந்தும் மறந்தது, கேள்வியைத் தவறாகப் படித்தது, குருட்டாம்போக்கில் போட்டது என நான்கு வகையாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாம் வகை அதிகமாக இருந்தால் இன்னும் பாடம் படித்துப் பயனில்லை. 'பின்வருவனவற்றுள் எது சரியல்ல' என்பதில் கடைசிச் சொல்லைத் தாண்டிப் போகிற பழக்கம் அது.

செய்தித்தாள் 45 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அது இரண்டு மணி நேரம் இழுப்பதற்குக் காரணம் தேதிவாரியாகக் குறிப்பெடுப்பது. தேதிவாரிக் குறிப்பை யாரும் திரும்பப் புரட்டுவதில்லை. தலைப்புக்கு ஒரு தாள் வையுங்கள். 'ஆளுநர்' என்று ஒரு தாள். மேலே 153, 161, 163, 200, 201, 213 என்ற உறுப்பு எண்கள். மசோதாவுக்கு ஒப்புதல் தருவது பற்றி எந்தச் செய்தி வந்தாலும் 200-க்கு நேரே இரண்டு வரி. ஓராண்டில் அந்த ஒரு தாளே ப்ரிலிம்ஸுக்கும் அடுத்த கட்டமான மெயின்ஸுக்கும் (முதன்மைத் தேர்வு) உதவும்.

சிசாட் தகுதித் தாள்தானே என்று விட்டுவிடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் அதிலேயே சிக்குகிறார்கள். 80 கேள்வி, 200 மதிப்பெண், 33 சதவீதம், அதாவது 66 வேண்டும். சரியான விடைக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். 30 சரி, 15 தவறு என்றால் 75-இல் 12.5 கழிந்து 62.5. முதல் தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் வெளியேதான். 35 சரி, 15 தவறு என்றால் 75, தப்பித்தாயிற்று. வித்தியாசம் ஐந்தே கேள்வி. தாள் மதியம் 2.30 முதல் 4.30 வரை. சாப்பிட்டதும் கண் சொக்குகிற நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை அதே நேரத்தில் வைத்தால்தான் உடம்பு பழகும். காலையில் உட்கார்ந்து 110 எடுத்ததை நம்பக்கூடாது.

ஒரு நாள் தவறினால் அதை ஞாயிற்றுக்கிழமைமேல் ஏற்றுவதுதான் அடுத்த தவறு. மூன்று நாள் பாக்கியைச் சுமந்த ஞாயிறு நிச்சயம் தோற்கும். அதன் பாக்கி திங்களுக்குப் போகும். விடுபட்ட நாளில் திரும்பப் பார்க்கவேண்டியது இருந்தால் அதை மட்டும் காப்பாற்றுங்கள். புதிய அத்தியாயம் அடுத்த வாரத்துக்குப் போகட்டும். மார்ச் மாதத்துக்கு முன்கூட்டியே வாரம் இரண்டு அத்தியாயம் என்று குறைத்து எழுதிவிடுவது இன்னும் நல்லது.

மெயின்ஸைத் தமிழில் எழுதுபவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. விடையைத் தமிழில் எழுதலாம். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். பொது அறிவுத் தாள்களில் முதல் மூன்றுக்கும் தலா 20 கேள்வி (10 மதிப்பெண்ணுக்குப் பத்து, 15 மதிப்பெண்ணுக்குப் பத்து), 180 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண்ணுக்கு 11 நிமிடம் என்று பிரித்தால் 70-ம் 110-மாகச் சரியாக முடிந்துவிடும். யோசிக்க என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது. ஆங்கிலக் கேள்வியைப் படித்து மனத்தில் தமிழாக்கி, கலைச்சொல் தேடுவதற்கு ஒரு நிமிடம் போனால் 20 கேள்விக்கு 20 நிமிடம். கடைசி இரண்டு விடை எழுத நேரம் இருக்காது. எனவே பயிற்சிக் கேள்வியைத் தமிழில் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுவது உண்மையான பயிற்சி ஆகாது. கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லை எழுத விதி இடம் தருகிறது. எந்தச் சொல்லுக்கு அது வேண்டும் என்ற பட்டியலையும் இப்போதே போட்டு வைக்கலாம்.

விடுப்பும் நேரம்தான். அரசு ஊழியர் என்றால் விண்ணப்பித்ததை அலுவலகத் தலைவருக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்கவேண்டும்; அதைக் கடைசி நாள்வரை தள்ளவேண்டாம். ப்ரிலிம்ஸுக்கு முன் மூன்று வாரம் எடுத்துவிட்டு, மெயின்ஸுக்கு விடுப்பில்லாமல் தவிப்பவர்கள் நிறைய. மெயின்ஸ் ஐந்து நாள் நடக்கும். பெரும்பாலான நாளில் காலை ஒன்று, மதியம் ஒன்று. அந்த ஐந்து நாளையும், முந்தைய பத்து நாளையும் இருப்பில் முதலில் கழித்துவிட்டு, மீதியைத்தான் ப்ரிலிம்ஸுக்கு எடுக்கவேண்டும்.