இரண்டு கரண்டி எண்ணெய்

மொரிசியசில் உணவு நுகர்வு ஆய்வுகளில் களப்பணியாளனாகச் சில ஆண்டுகள் பணியாற்றினேன். முதலில் மனிதர்கள் உண்பதைப் பதிவு செய்தேன். பிறகு பழவௌவால்கள் உண்பதைப் பதிவு செய்தேன்.

முதல் பணியில் வீடு வீடாகச் சென்று, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதையும் பருகியதையும் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். ரோஸ் ஹில்லில் ஒரு மூதாட்டி, "பெரிதாக என்ன தம்பி, கொஞ்சம் சோறு, பருப்பு, கீரை" என்றார். பேச்சு தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது; ஆயினும் ரசத்தை "ரஸோன்" என்றும் முருங்கைக்கீரையை "பிரேட் முரூம்" என்றும் அவர் சொன்னபோது, சொல்லுக்குள்ளிருந்து தமிழ் எட்டிப் பார்த்தது. தாளிக்க எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன். "இரண்டு கரண்டி" என்றார். இரண்டு மேசைக்கரண்டி என்று எழுதப்போனவன், ஏனோ நிறுத்திவிட்டு, அந்தக் கரண்டியைக் காட்டும்படி கேட்டேன். அவர் எடுத்து வந்தது குழம்பு ஊற்றும் குழிக்கரண்டி. வெறும் சட்டியில் வழக்கம்போல் ஊற்றிக் காட்டுங்கள் என்று தண்ணீரைக் கொடுத்து, ஊற்றியதை அளவுக்குழாயில் அளந்தபோது ஏறக்குறைய 90 மில்லி வந்தது. அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. அவருடைய கரண்டி வேறு, என் படிவத்தின் கரண்டி வேறு.

எண்ணெயை இவ்வளவு வற்புறுத்தி விசாரிப்பதற்கு இந்தத் தீவில் தனிக் காரணம் உண்டு. 1987இல் அரசு, மானிய விலையில் விற்கப்பட்ட ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பனையெண்ணெயாக இருந்த நிலையிலிருந்து சோயா எண்ணெயாக மாற்றியது. 1987இலும் 1992இலும் நடந்த ஆய்வுகளை ஒப்பிட்டபோது, மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆகக் குறைந்திருந்தது, அதில் எண்ணெய் மாற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நீரிழிவு அவ்வாறு குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் யாரிடமாவது உங்கள் சமையல் மாறியதா என்று கேட்டிருந்தால், அதே கறி, அதே தாளிப்பு என்றுதான் பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாறியது கடையிலிருந்து வந்த போத்தலுக்குள் இருந்தது.

என் பெரிய பிழை எண்ணெயில் அல்ல, நாட்காட்டியில் நேர்ந்தது. ஒரு பகுதியில் தமிழ்க் குடும்பங்களின் பதிவுகளில் மீனும் கோழியும் அறவே இல்லாததைக் கண்டு, சைவ உணவு பெருகுகிறது என்று குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டேன். நான் சென்றது புரட்டாசி மாதம். விரதம் முடிந்தபின் அதே வீடுகளுக்கு மறுபடி சென்றால், வாசலிலேயே மீன் பொரிக்கும் மணம். புரட்டாசியில் எங்கள் வீட்டிலும் கவிச்சி கிடையாது என்பதைப் படிவத்தின் முன் மறந்துபோனது இன்றும் என்னை உறுத்துகிறது.

வௌவால்களிடம் கேட்க முடியாது. அவை விட்டுச் சென்றதைத்தான் படிக்க வேண்டும். லிச்சி பழுக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பழவௌவால்மீது எழும் கோபம் சிறியதன்று. 2015இலும் 2016இலும் அரசே அவற்றைச் சுட்டுக் குறைத்தது. இந்த இனம் மொரிசியஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. நம் காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளைச் சுமந்து பரப்புவதும் அதுவே. ஒரு முதியவர் தம் முற்றத்து மரத்தைக் காட்டி, "எல்லாவற்றையும் அதுதான் தின்றது" என்றார். மரத்தடியில் துணி விரித்து, விடியற்காலையில் விழுந்தவற்றைப் பிரித்தோம். வௌவால் பழத்தை மென்று, சாற்றை உறிஞ்சிவிட்டு, நாரை அமுக்கித் துப்பிவிடும். அந்தச் சக்கையில் பல்லும் அண்ணமும் பதிந்த தடம் தெளிவாகத் தெரியும். கொண்டைக்குருவி கொத்தியது ஓரிடத்தில் குழிவாக இருக்கும். எலி கடித்ததில் மெல்லிய இணைக்கோடுகள் தெரியும். முழுதாகக் கனிந்து தானே உதிர்ந்தவையும் இருந்தன. வௌவாலின் பங்கு பெரிதுதான். ஆனால் அது "எல்லாம்" அல்ல.

அவருடைய இழப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மரத்து வருமானத்தில்தான் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிச்சீருடை வாங்குவார். அதனால் கணக்கை அவருக்கு எதிரில் அமர்ந்தே போட்டேன். மறுநாள் விடியலில் நான் போய்ச் சேருமுன்பே அவர் துணியருகில் குனிந்து, சக்கைகளை ஒரு தட்டிலும் கொத்துப்பட்டவற்றை இன்னொரு தட்டிலும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.