செறிவா, கனவளவா: உயிரியலில் நான் சறுக்கிய இடம்

உயர்தரப் பெறுபேறு வந்து நான்கு நாட்களாகின்றன. முதல் தடவை ‘சி’ பெற்ற உயிரியலில் இம்முறை ‘ஏ’ கிடைத்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நான் புதிதாகப் படித்தது அதிகமில்லை. சோடியமும் நீரும் சமநிலைப்படும் பகுதியில் இருந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

முன்பு அம்புக்குறிப் படங்களை மனனம் செய்திருந்தேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். குருதியின் கனவளவு குறையும்போது சிறுநீரகத்தில் தொடங்கிச் சோடியத்தை மீட்கச் செய்யும் தொடரை, ரெனின், அஞ்சியோரென்சின், அல்டொஸ்தெரோன் என்று வரிசை பிசகாமல் ஒப்புவிப்பேன். ஆனால், மிகுதியாக வியர்த்தவனின் குருதிச் செறிவு எவ்வாறு சீராகும் என்று கேட்டாலும் அதே வரிசையையே எழுதினேன்.

கச்சான் காற்று வீசும் ஆடி மாத வெயிலில், திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்துவிட்டு வந்த மாமா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. வியர்வையில் குருதியைவிட உப்புக் குறைவு. ஆகவே நீரே கூடுதலாக இழக்கப்பட்டு, எஞ்சிய குருதியில் சோடியச் செறிவு ஏறுகிறது. அதை மூளையிலுள்ள பரிவகக்கீழ் உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது; கபச்சுரப்பியின் பிற்சோணையிலிருந்து ஏடிஎச் என்ற ஓமோன் வெளிவந்து, சிறுநீரகத்தின் சேர்க்கும் கான் நீரை மீட்கும்படி செய்கிறது. அல்டொஸ்தெரோனோ சோடியத்தை மீட்கும்போது நீரும் அதன் பின்னே செல்வதால், செறிவு பெரிதாக மாறாமல் கனவளவே கூடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஓராண்டு சென்றது.

எனவே வினாவை வாசித்ததும் ஓரத்தில் ‘செறிவு’ அல்லது ‘கனவளவு’ என்று குறித்துவிட்டே எழுதத் தொடங்குங்கள்.

வியர்வை: செறிவு ஏறும், கனவளவு குறையும், ஏடிஎச், ரெனின் ஆகிய இரு வழிகளும் இயங்கும்.
குருதிப்பெருக்கு (குருதி இழப்பு): செறிவு உடனே மாறாது, கனவளவு குறையும், ரெனின் வழியை முதலில் எழுதுங்கள்.
வெறும் நீரை மிகையாகக் குடித்தல்: செறிவு குறையும், ஏடிஎச் அடங்கும்.

எண்களில் நாளொன்றுக்குச் சிறுநீரகங்களில் குருதியிலிருந்து வடிக்கப்படும் ஏறத்தாழ 180 லீற்றரும், சிறுநீராக வெளியேறும் ஏறத்தாழ 1.5 லீற்றரும் எனக்குப் போதுமாக இருந்தன. வடிந்த சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகச் சிறுகுழாயின் முதற்பகுதியான அண்மை மடிந்த சிறுகுழாயிலேயே மீண்டுவிடுகிறது. அல்டொஸ்தெரோன் சீர்செய்வது இறுதியில் எஞ்சும் சிறு பங்கைத்தான்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் தனியே அமர்ந்து, படமின்றி முழு வாக்கியங்களாக எழுதிப் பார்த்தேன். ‘மீளகத்துறிஞ்சல் (மீண்டும் குருதிக்குள் எடுத்தல்) கூடும்’ என்று மட்டும் நிறுத்தாமல், எது, எப்பகுதியில், எந்த ஓமோனால் என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். முதல் தடவை நான் விட்டது அதைத்தான்.