ஆக்டோபஸின் கை எதைப் பிடித்திருக்கிறது?

உலகமயத்தையும் பெருநிறுவனங்களையும் சாடும் கார்ட்டூன் என்றதும் பலர் பூமி உருண்டையை இறுக்கிப் பிடித்த ஆக்டோபஸைத்தான் வரைகிறார்கள். நிறுவனம் பெரியது, பேராசை பிடித்தது என்பதற்கு மேல் அந்தப் படத்தில் சேதி இருக்காது. அதிகாரம் எந்த வழியாக வந்தது, யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று காட்டினால்தான் கார்ட்டூன் உறைக்கும்.

இதே ஆக்டோபஸை உடோ கெப்ளர் 1904 செப்டம்பர் 7 தேதியிட்ட அமெரிக்க 'பக்' இதழில் வரைந்திருக்கிறார். தலைப்பு: 'அடுத்தது!' ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிதான் உடல். கைகளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எஃகு, தாமிரம், கப்பல் தொழில்கள், ஒரு மாநிலச் சட்டமன்றக் கட்டடம், வாஷிங்டனில் நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் கட்டடம். இவையெல்லாம் ஏற்கெனவே சிக்கியவை. ஒரு கை மட்டும் வெள்ளை மாளிகையை நோக்கி நீள்கிறது, இன்னும் எட்டவில்லை. அதிபர் தேர்தலுக்கு அப்போது இரண்டே மாதம். தலைப்பின் ஒற்றைச் சொல் அந்த ஒரு கையைத்தான் சுட்டுகிறது. அதற்கு முன்பே செய்தியாளர் ஐடா டார்பெல் அந்த நிறுவனத்தின் வரலாற்றை இதழில் தொடராக எழுதி அம்பலப்படுத்தியிருந்தார். செய்தியாளரின் உழைப்பு இல்லாமல் அந்தப் படத்துக்கு இவ்வளவு வலு வந்திருக்காது. 1911-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிறுவனம் 34 ஆக உடைந்தது.

உடோவின் தந்தை ஜோசஃப் கெப்ளர் 1889-ல் வரைந்த 'செனட்டின் முதலாளிகள்' இன்னும் நுட்பமானது. தொப்பி வைத்த பணமூட்டைகளாக எஃகு, சர்க்கரை, எண்ணெய் டிரஸ்டுகள் (ஒரு தொழிலையே வளைத்துப் போட்ட நிறுவனக் கூட்டணிகள்) அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் பின்னால் மலைபோல் நிற்க, உறுப்பினர்கள் சிறுவர்கள் அளவுக்குச் சுருங்கியிருக்கிறார்கள். கண் முதலில் அங்கேதான் போகும். படத்தின் உயிரோ கதவுகளில் இருக்கிறது: ஏகபோகக்காரர்களுக்கான வாசல் அகலத் திறந்திருக்கிறது, மேல்மாடத்தில் மக்களுக்கான வாசல் அடைத்துக் கிடக்கிறது. செனட்டர்களை அப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த உரிமை 1913-ல்தான் வந்தது. ஆகவே அந்த மூடிய கதவு வெறும் உருவகமல்ல, அன்றைய நடைமுறையே அதுதான்.

இன்று வரைபவர்கள் அந்தத் தொப்பியையும் தொந்தியையும் அப்படியே எடுத்தாளக் கூடாது. இன்றைய முதலாளி டி-ஷர்ட்டில் வருகிறார். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உலகைச் சுற்றிய ஆக்டோபஸ் மீது யூதச் சின்னத்தைப் பொறித்து நாஜிகள் வெறுப்பைப் பரப்பினார்கள். உடலில் நிறுவனத்தின் பெயர் இல்லாமல், கைக்குள் குறிப்பிட்ட ஒரு பொருள் இல்லாமல் வரைந்தால், 'ஏதோ ரகசியக் கும்பல் உலகை ஆட்டிவைக்கிறது' என்ற அந்தப் பழைய விஷத்துக்கே படம் துணைபோகும்.

பென்சிலைத் தொடும் முன் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யார், எதை, எதன் வழியாகச் செய்தார். 'எதன் வழியாக' என்ற இடம் காலியாக இருந்தால் வரைய இன்னும் விஷயம் சேரவில்லை என்று பொருள், அறிக்கைகளைத் தேடுங்கள். வரிப் புகலிடமாக அறியப்படும் கேமன் தீவுகளின் அக்லண்ட் ஹவுஸ் நல்ல உதாரணம். ஐந்து மாடிக் கட்டடம் அது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2008-ல் வெளியிட்ட அறிக்கைப்படி அந்த ஒரே முகவரியில் 18,857 நிறுவனங்கள் பதிவாகியிருந்தன. இங்கே அரக்கனே தேவையில்லை. கட்டடத்தை உள்ளபடி வரைந்து, வாசலில் தபால்காரர் ஒருவரை மூட்டையோடு நிறுத்தினால் போதும். எண்ணை மிகைப்படுத்தாதீர்கள், அது அப்படியே நின்றாலே வேலை செய்யும்.

எழுத்துப் பட்டைகளை மூன்று நான்குக்குள் நிறுத்துங்கள். 'பக்' இதழின் பெரிய பக்கத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் பெயரெழுத இடம் இருந்தது, கைபேசித் திரையில் இல்லை. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்பது அப்போதும் தெரியவில்லையென்றால் வண்ணத்தைக் கூட்டிப் பயனில்லை. உருவங்களைக் குறைத்து, அவற்றின் அளவு வித்தியாசத்தைக் கூட்டி, முதலிலிருந்து வரையுங்கள்.