கிடங்கில் கிடக்கும் ஸ்டூடியோ

தொலைக்காட்சி நிலையத்தில் பொறியியல் பிரிவில் இருந்தவர்களுக்கு ஸ்டூடியோவைவிடக் கிடங்குதான் நன்றாகத் தெரியும். புதுக் கருவி வந்து இறங்கினால் பூஜை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, அதிகாரி நின்று படம் எடுத்துக்கொள்வார். பழையது வெளியே போவதற்குத்தான் லேசில் வழி பிறக்காது.

விளக்கு, பராமரிப்பு என்று நெடுங்காலம் அந்தப் பக்கமே சுற்றியவன் நான். ஒரு பொருள் எப்போது கழிக்கப்படும் என்பதை அதன் தேய்மானம் தீர்மானிப்பதாகத்தான் விதிகள் சொல்கின்றன. நான் பார்த்தவரை அதைத் தீர்மானிப்பது இருப்புப் பதிவேட்டில் அதற்கு நேரே எழுதியிருக்கும் தொகை. விலை குறைந்தது நன்றாக இருக்கும்போதே போய்விடும். விலை உயர்ந்தது செத்த பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பழைய ஹாலஜன் விளக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, பின்னால் குழிந்த கண்ணாடி, முன்னால் வளையம் வளையமாக வரி ஓடிய ஃபிரெனல் லென்ஸ், ஒளியை வெட்ட நான்கு தகடுகள். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? பல்பு போனால் மாற்றலாம், ஹோல்டர் கருகினால் மாற்றலாம். ஒரு கிலோவாட் ‘பேபி’, இரண்டு கிலோவாட் ‘ஜூனியர்’, ஐந்து கிலோவாட் ‘சீனியர்’ என்று கோடம்பாக்கத்து லைட்மேன்கள் செல்லப்பெயர் சொல்லி ஆண்ட விளக்குகள் இவை. எல்இடி வந்ததும் முதலில் இறங்கியவையும் இவைதான். அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. ஹாலஜன் உறிஞ்சும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு இன்னொரு பங்கு மின்சாரம். அத்தனைக்கும் பிறகு செய்தி வாசிப்பவரின் ஒப்பனை உருகும். ஆனால் எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் போர்டு போய், கம்பெனி அந்த மாடலையும் நிறுத்திவிட்டால், முழு விளக்குமே குப்பைதான். பழைய ‘ஜூனியர்’கள் இன்னும் சில நாடகக் குழுக்களிடமும் கல்லூரிகளிலும் எரிகின்றன. சில, காபிக்கடை மூலையில் முக்காலி மேல் ஏறி அலங்காரமாக நிற்கின்றன. அது அவற்றுக்கு நேர்ந்த அவமானம் என்றே நினைக்கிறேன்.

கேமராவின் கதை நேர் எதிர். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. சில்லுக்குப் பதில் வெற்றிடக் குழாயில் படம் பிடித்த அந்தக் காலத்துக் குழாய் கேமராக்கள் பதிவேட்டில் லட்சங்களில் நிற்கும். அதைச் சில ஆயிரத்துக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட, பொருள் இனி உதவாது என்று முடிவுசெய்யும் ‘கண்டம்’ குழுவில் எவருக்கும் கை வராது. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். கோப்பு மேசைக்கு மேசை நகரும்; இதற்குள் அதன் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருக்கும் கேமராக்களுக்குப் போட்டிருப்போம். கடைசியில் ஏலப் பொருளைப் பார்வையிட வந்த ஒரு வியாபாரி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கேமராவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெளிக்கூடும் வரிசை எண் தகடும்தான் மிச்சம். பதிவேட்டில் அது முழுக் கேமரா.

இப்போது அரசு நிறுவனங்களின் ஏலம் பலவும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக இணையத்தில் நடக்கிறது. விளக்கு, மானிட்டர், கேபிள் எல்லாம் கலந்து ஒரே லாட். எடுப்பவரின் கண் கேபிள்மேல்தான். கட்டைவிரல் பருமனுள்ள கேமரா கேபிளில் அவ்வளவு செம்பு. மற்றவை அவர் தலையில் கட்டப்படுபவை. மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. காயலான் கடையிலோ, படக்குழாயின் கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை உருவுவார்கள். ஈயம் கலந்த கண்ணாடி மூலையில் குவியும். மிகப் பழைய விளக்குகளின் உள்வயருக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை போட்டிருப்பார்கள். அதை வெறுங்கையால் உரிக்கும் பையனிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையில் வயிறெரிந்தது டேப் இயந்திரங்களுக்காகத்தான். நிலையங்களில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த பீட்டாகேம் வகை டேப் இயந்திரங்களின் விற்பனையையே சோனி 2016இல் நிறுத்திவிட்டது. நூலகத்தில் பழைய கச்சேரிகளும் நேர்காணல்களும் டேப்பில் கிடக்கின்றன. இயந்திரம் இல்லாவிட்டால் அவை வெறும் பிளாஸ்டிக். நான் இருந்த ஒரு நிலையத்தில் டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் முன்பே இயந்திரங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு மாற்றும் திட்டம் வந்தது. ஊர் ஊராகத் தேடி, மும்பை வியாபாரி ஒருவரிடம் ஒன்று வாங்கினோம். எங்கள் லாட் மொத்தமும் போன விலையைவிட அது அதிகம். வந்ததும் நான் முதலில் பார்த்தது, டேப்பைப் படிக்கும் டிரம் எத்தனை மணி நேரம் சுழன்றிருக்கிறது என்று காட்டும் கணக்கை. இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. மூடியின் உள்பக்கம் வேறொரு நிலையத்தின் இருப்பு எண் பெயிண்டில் எழுதியிருந்தது. எங்கள் பதிவேட்டில் அதைப் ‘புதிய கொள்முதல்’ என்று ஏற்றினோம், முழு விலையோடு. இனி அதைக் கழிப்பதற்கு யார் கையெழுத்துப் போடப்போகிறார்களோ.