தடைக்காலத்து 61 நாள்

2025 ஏப்ரல் 14 இரவு, அடுப்படிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மறுநாள் தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய். வீட்டில் ஐந்து பேர். அந்தப் பணமும் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது.

நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ராமேஸ்வரம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன் முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் 45 நாளாக இருந்த தடையை 2017இல் 61 நாளாக்கினார்கள். அந்தப் பதினாறு நாளின் நீளம் கூலிக்காரர் வீட்டில் உலை வைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

தடை தொடங்கியது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை. பெரிய வியாழன் இரவு நற்கருணை முன்னால் முழந்தாளிட்டு இருந்தேன். விரல் மணியை உருட்டியது, மனசு ஜூன் மாதத்தில் கிடந்தது. பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் செலவு, கடைப்பாக்கி. ஆண்டவர் தம் சீடர்களிடம் ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்ன இரவு அது. நான் விழித்துத்தான் இருந்தேன், ஆனால் அவரோடு இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் மாமியாருக்கு எழுபது வயது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோது அவருக்கு ஒன்பது வயது. மணல்மேட்டில் அவரை இடுப்போடு சேலையால் கட்டிக்கொண்டு அவருடைய அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். நான் அழுததைப் பார்த்து, “என்ன புள்ள?” என்று கேட்டார். “ஜூனுக்கு என்ன மாமி செய்யப்போறோம்” என்றேன்.

“கர்த்தர் கற்பித்த செபத்துல என்ன இருக்கு? ‘இன்று’ன்னுதானே இருக்கு? அன்னைக்கு ராத்திரி எங்கம்மா அடுத்த அலைக்குத்தான் மன்றாடுச்சு. அது போனா அதுக்கு அடுத்ததுக்கு. மொத்தப் புயலுக்கும் சேர்த்து மன்றாட யாருக்குத் தெம்பு இருந்துச்சு?”

சின்ன வயசிலிருந்து சொல்லிவரும் செபம். அனுதின உணவை ‘இன்று’ அளித்தருளும். அந்தச் சொல்லில் நான் ஒருநாளும் நின்றதே இல்லை.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் அரிசிப் பானைக்குள் உழக்கை விடுவதற்கு முன்னால், “ஆண்டவரே, இன்றைக்கு” என்று மட்டும் சொல்வேன். ராத்திரி, கிழித்த தாளின் பின்னால் அன்று கிடைத்ததை எழுதுவேன். படகுகளுக்குப் பலகை மாற்றி வர்ணம் அடிக்கும் காலம் என்பதால், ஆசாரிக்குக் கையாளாக என் வீட்டுக்காரருக்குச் சில நாள் வேலை கிடைத்தது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கொழுந்தன் ஒரு நாள் ஒரு தூக்குவாளி நிறையக் காரல் மீன் கொடுத்தனுப்பினார். விரல் நீளத்துக்கு வெள்ளிக்காசு மாதிரி மின்னும். புளி கொஞ்சம் தூக்கலாக விட்டு, பச்சை மிளகாய் கீறிப் போட்டு வைத்தேன். சின்னவன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கினான். அன்றையத் தாளில் ‘காரல்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தாலும் அந்தத் தட்டு கண்ணுக்குள் வருகிறது.

இதைப் படித்துவிட்டு, சேர்த்து வைப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தடைக்கு முன்னால் நான் கருவாடு போட்டு வைத்தேன், அடுத்த வருடமும் போடுவேன். பைபிளில் விடுதலைப் பயண நூலிலேயே, பாலைநிலத்தில் தம் மக்களுக்கு அன்றாடம் தந்த மன்னா என்ற உணவை, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னவர் கடவுள்தான். அந்தப் பங்கு கெட்டுப்போகவும் இல்லை. மற்ற நாளில் பயந்துபோய் விடியும்வரை எடுத்துவைத்ததுதான் புழுத்து நாறியது. கருவாட்டைக் காயப்போடும்போது நான் பயப்படவில்லை, வேலைதான் செய்தேன். அந்தக் கணக்குத் தாளை எழுதியதுதான் பயம்.

நிவாரணத்துக்கு அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதாரில் என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து. கணக்கு முடங்கிக் கிடந்தது. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக உட்காரவைத்துச் சரிசெய்து கொடுத்தார். ஜூன் முதல் வாரம் பணம் ஏறியது.

38ஆம் நாள், மே 22. அன்றையத் தாளில் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. வேலை இல்லை, மீன் இல்லை, கடையில் இனிமேல் கடன் கேட்க முகமில்லை. நீராகாரமும் ஒரு துண்டுக் கருவாடும். அது மாதாவின் வணக்க மாதம். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் தெருவில் ஒருவர், “விசுவாசம் இருந்தா பணம் தானா வரும்” என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. பணம் வந்தால்தான் கடவுள் வாக்கு மாறாதவர் என்றால், அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அவர் யார்?

படுக்கப் போகும்போது மாமி பைபிளைக் கொடுத்து, புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆண்டவரின் இரக்கம் காலைதோறும் புதிது என்று வரும் இடம். பூசையில் எத்தனையோ தடவை கேட்டதுதான். அது எருசலேம் இடிந்து கிடந்தபோது, பட்டினியில் பிள்ளைகள் தெருவில் மயங்கி விழுந்த காலத்தில் எழுதப்பட்டது என்பது முன்பின் பக்கங்களை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாமி சொன்னார்: “நம்ம தனுஷ்கோடிக் கோயில் மாதிரிதான் புள்ள. சுவரு மட்டும்தான் நிக்கிது. அதுக்குள்ளதான் நான் புதுநன்மை, மொத நற்கருணை வாங்குனேன்.”

அந்தச் சுவர் முன்னால் நின்றுதான் வருகிறவர்கள் எல்லாம் படம் எடுக்கிறார்கள். மாமி மட்டும் அங்கே போனால் பீடம் இருந்த பக்கம் திரும்பிச் சிலுவை போடுவார்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் தூங்கினேன். அந்த வெற்றுத் தாளை வீசவில்லை, மற்றவற்றோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

மகளின் கட்டணத்துக்கு என் தோடு அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை. தடை முடிந்து முதல்முறை அவர் கடலுக்குப் புறப்பட்ட விடியற்காலையில், வழக்கம்போல எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திரும்பி வரும்வரை இந்தக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். சோற்றுவாளியைக் கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். “எப்பம்மா அப்பா வருவாங்க?” என்று சின்னவன் கேட்டான். வாடா, முதலில் காலைச் செபம் சொல்லுவோம் என்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.