விளக்குக் கம்பத்து அறிவிப்பு
இங்கிலாந்தில் கடைத்தெரு விளக்குக் கம்பங்களில் உள்ளாட்சிக் கவுன்சில் கட்டிவைக்கும் அறிவிப்பை யாராவது நின்று படிக்கிறீர்களா? பொது இடத்தில் இன்னின்னது செய்யக்கூடாது என்று கவுன்சிலே ஆணை போட சமூக விரோத நடத்தையைத் தடுக்க வந்த 2014 சட்டம் இடம் கொடுக்கிறது, 3 வருடம் வரை செல்லும், அப்புறம் நீட்டிக்கவும் செய்யலாம். மீறினால் 100 பவுண்டு வரை அபராதச் சீட்டு, கோர்ட்டுக்குப் போனால் 1,000 வரைகூட ஆகும். தன் நாயின் கழிவை அள்ளாமல் நழுவுகிறவருக்கு அபராதம், சரி, நியாயம்தான். ஆனால் சில ஊர்களில் பிச்சை கேட்பதையும் இதில் சேர்த்திருக்கிறார்கள், சில்லறைக்குக் கையேந்துகிறவரிடம் நூறு பவுண்டு கேட்டு என்னத்தை வாங்கப் போகிறார்களோ! ஆணையை எதிர்த்து வழக்குப் போட 6 வாரம்தான் அவகாசம், அதனால் கவுன்சில் கருத்துக் கேட்கும்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.