ஸ்வீட் ஆபர்ன்: கட்டடங்களும் காலிமனைகளும்

அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூவைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் கிழக்குப் பாதியோடு திரும்பிவிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு, அவர் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயம், நீர்த் தடாகத்தின் நடுவே அவர் கல்லறை, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு காந்தி சிலையும் உண்டு, நம்மவர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்ட வேலை வேறு. அந்தத் தெருவின் இரண்டு வரிசைகளையும் ஒரு மனைகூட விடாமல் படமெடுக்கிறேன். கட்டடம் இருந்தால் கட்டடம், கார் நிறுத்துமிடம் இருந்தால் அது, புல் முளைத்துக் கிடந்தால் அந்தப் புல்.

ஏன் இந்தத் தெரு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தெருத்தெருவாகத் தாக்கின, குறைந்தது 25 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் நகரின் மையத்தில் கடை வைத்திருந்த கறுப்பின வணிகர்கள் மெல்ல மெல்ல இந்தத் தெருவுக்கு நகர்ந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு நகரத்தையே இங்கே கட்டிக்கொண்டார்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம், நாளிதழ், மருந்துக்கடை, நடன அரங்கம் என்று எல்லாம் இருந்தன. அடிமையாகப் பிறந்து முடிதிருத்துபவராக முன்னேறிய அலோன்சோ ஹெர்ன்டன் 1905இல் தொடங்கியதுதான் அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனம். தெருவுக்கு ‘ஸ்வீட் ஆபர்ன்’ என்று பெயர் சூட்டியவர் கறுப்பினச் சமூகத் தலைவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். அவருடைய பேரன் மேனார்ட் ஜாக்சன்தான் பிற்பாடு அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயரானார். 1956இல் ஃபார்ச்சூன் பத்திரிகை இதை உலகிலேயே மிகச் செல்வச் செழிப்பான கறுப்பினத் தெரு என்று எழுதியது.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். முழு ஃப்ரேம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், முக்காலி. இவ்வளவுதான் கருவிகள். இதைவிட அகலமான லென்ஸ் கட்டடத்தின் ஓரங்களை இழுத்துக் காட்டுவதால் தவிர்க்கிறேன். கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போகச் சாயும். ஆகவே எதிர்நடைபாதையில் நின்று கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழே மிஞ்சும் சாலைப்பகுதியைப் பிறகு கொஞ்சம் வெட்டுகிறேன். 1933 முதல் அமெரிக்க அரசின் வரலாற்றுக் கட்டட ஆய்வுத் திட்டம் எடுத்துவரும் படங்களைப் பார்த்துப் பழகிய முறை இது. அழகுக்காகக் கோணம் தேடாமல், நூறு வருடம் கழித்து ஒருவர் பார்த்தாலும் ஜன்னல்களை எண்ண முடிகிற மாதிரி எடுப்பது.

வெளிச்சம்தான் நிறையப் பொறுமை கேட்டது. தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. வட வரிசைக் கட்டடங்கள் தெற்கு பார்த்தவை, அவற்றுக்குப் பகல் முழுக்க வெயில். ஆட் ஃபெலோஸ் என்ற கறுப்பினச் சகோதர சங்கத்தின் கட்டடம், பிக் பெத்தேல் தேவாலயம், ராயல் பீகாக் அரங்கம் எல்லாம் இந்த வரிசை. தென் வரிசையில் இருக்கும் எபனேசரும் கிங் பிறந்த வீடும் வடக்கு பார்த்தவை. கோடையில் அதிகாலையும் மாலையும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் விழும், மற்ற நேரமெல்லாம் நிழல்தான். இரண்டு வரிசையும் ஒரே ஆவணத்தில் சேர வேண்டும் என்பதால் மேகமூட்டமான நாட்களைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். வானம் வெள்ளையாகத் தட்டையாக இருக்கும், ஆனால் செங்கல்லின் நிறம் இரு பக்கமும் ஒன்றாக வரும். பிக் பெத்தேல் கோபுரத்தில் ‘இயேசு இரட்சிக்கிறார்’ என்ற நியான் எழுத்துகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. சூரியன் மறைந்தபின் வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடுத்தால்தான் எழுத்தும் கல்லும் சேர்ந்து தெரியும்.

1912இல் திறந்த ஆட் ஃபெலோஸ் கட்டடத்துக்கு மட்டும் தொலைதூர லென்ஸ் கொண்டுபோனேன். அதைத் திறந்துவைத்தவர் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன். மேலே சுடுமண்ணில் செய்த முகங்கள் இருக்கின்றன, ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட முகங்கள். அந்தக் காலத்தில் அட்லாண்டாவின் வேறெந்தப் பொது இடத்தில் தங்கள் முகத்தை இவ்வளவு மரியாதையோடு செதுக்கி அந்த மக்கள் பார்த்திருப்பார்கள்? தரையிலிருந்து வெறும் கண்ணுக்கு அவை சரியாகப் புலப்படாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலிமனைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வெறும் கார் நிறுத்துமிடத்தின் படத்தை யாரும் ஒரு நொடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று சொன்னால் பார்ப்பார்கள். அதற்கு எனக்குக் கைகொடுத்தவை சான்பார்ன் வரைபடங்கள். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்டவை இவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள். கடைக்கு எஸ், வீட்டுக்கு டி என்று ஒவ்வொரு மனையிலும் குறித்திருப்பார்கள். அட்லாண்டாவின் 1911ஆம் ஆண்டுத் தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கதவிலக்கத்தை அதில் கண்டுபிடித்து, அதே காலத்து நகர விவரக்கையேட்டில் அந்த இலக்கத்தில் யார் இருந்தார் என்று தேடினால், புல்தரைக்கு ஒரு பெயரும் தொழிலும் கிடைத்துவிடும். தையற்காரர், செருப்புத் தைப்பவர், பலசரக்குக் கடைக்காரர். இந்தத் தேடலுக்குப் படமெடுப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, ஆனாலும் இதில்தான் எனக்கு மனம் லயிக்கிறது.

சில இழப்புகளுக்குக் காரணம் இயற்கை. 2008 மார்ச்சில் நகரின் நடுவே வீசிய டொர்னேடோ, அட்லாண்டா டெய்லி வேர்ல்ட் நாளிதழின் பழைய கட்டடத்தைச் சிதைத்தது. ஆட் ஃபெலோஸுக்கு எதிர்வரிசையில் இருந்த 1924ஆம் ஆண்டு ஹெர்ன்டன் கட்டடம் அந்தச் சேதத்தோடு போயிற்று. ஆனால் பெரிய வெட்டு மனிதர் போட்டது. நகரின் மையம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை இந்தத் தெருவின் மேல் கொண்டுபோய் வீடுகளையும் கடைகளையும் அப்புறப்படுத்தினார்கள். 1960களிலிருந்து தெரு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தப் பாலத்துக்கு அடியில் நின்று மேற்கே ஒரு படம், கிழக்கே ஒரு படம் எடுத்தேன். மேலே வண்டிகள் போகும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதைப் படத்தில் காட்ட வழியில்லை, குறிப்பில்தான் எழுதி வைத்தேன்.

அப்புறம் தாமஸ் ஆஸ்க்யூ. அட்லாண்டாவின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர்களில் ஒருவர். 1900 பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் ஜார்ஜியா கறுப்பின மக்களின் படங்களைத் தொகுத்தபோது, அவற்றில் பல இவர் எடுத்தவை. அழகாக உடுத்திய பெண்கள், வீட்டு வாசலில் நிற்கும் குடும்பங்கள், அமைதியாக நம்மை நேரே பார்க்கும் இளைஞர்கள். அந்தத் தொகுப்பு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. ஆஸ்க்யூ 1914இல் இறந்தார். அவருடைய வீடு 1917 மே மாதம் இந்தப் பகுதியை அழித்த பெருந்தீயில் எரிந்துபோனது. ஏறத்தாழ 1,900 கட்டடங்களை விழுங்கிய தீ அது. பாரிஸுக்குப் போன படங்கள் பிழைத்தன. ஒரே இடத்தில் வைத்தது போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். கேமரா பதிந்த மூலக் கோப்புகளான என் ரா ஃபைல்களை இப்போது இரண்டு டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வைக்கிறேன். கதவிலக்கம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது, 1911இல் அங்கே இருந்தது என்ன ஆகியவற்றைப் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் மெட்டாடேட்டா என்ற தகவல் பகுதியிலேயே எழுதிவிடுகிறேன். படமும் குறிப்பும் பிரிந்தால் இரண்டும் பாதியாகிவிடும்.

மனிதர்களைப் பற்றி. பொதுத்தெருவில் யாரையும் படமெடுக்கச் சட்டம் இங்கே அனுமதிக்கிறது. ஆனால் நான் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன், மறுத்தால் கேமராவை இறக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்து, எடுத்துக்கொண்டு, திரும்பி வராமல் போனவர்கள் பலரை இந்தத் தெரு பார்த்திருக்கிறது. சம்மதித்தவர்களுக்குப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்படிக் கொடுக்கப் போனபோதுதான் ஒரு முதியவர் தன் வீடு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். கை நெடுஞ்சாலைத் தூண்களை நோக்கி நீண்டது. அங்கே அவரை நிறுத்திப் படமெடுக்க எனக்கு ஆசை, அவருக்கு விருப்பமில்லை. தூண்களை மட்டும் எடுத்தேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

மின்கம்பிகளை நான் அழிப்பதில்லை. 2014இல் ஓடத் தொடங்கிய டிராமின் கம்பிகள் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் குறுக்கே வருகின்றன. சுவரில் வரைந்த, குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸின் பெரிய உருவத்துக்கு முன்னாலும்தான். மென்பொருளில் ஒரு நொடியில் நீக்கலாம், ஆனால் அவையும் இந்த வருடத்துத் தெருவின் பகுதி.

பாலத்துக்கு மேற்கே இரு வரிசையும் முடிந்துவிட்டன. கிழக்கில் பிரின்ஸ் ஹால் கட்டடம் வரை வந்திருக்கிறேன். நாட்டிலேயே முதன்முதலாகக் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வானொலி நிலையம் இயங்கியதும், கிங்கின் இயக்க அலுவலகம் இருந்ததும் அந்த ஒரே கட்டடத்தில்தான். அதற்கு அப்பால் மரங்கள் அடர்த்தி, ஆகவே இலை உதிர்ந்தபின் தொடர்வேன். கிங் வீட்டுக்கு எதிரே ரயில்பெட்டி மாதிரி அறைக்குப் பின் அறையாக நிற்கும் ஷாட்கன் வீடுகள் எனக்காகக் காத்திருக்கின்றன. 1905இல் வெள்ளைக்கார ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை, பிறகு கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்தவை. அது முடிந்ததும் எட்ஜ்வுட் அவென்யூவில் உள்ள சந்தை. நிறப் பிரிவினைக் காலத்தில் கறுப்பின வியாபாரிகளை உள்ளே விடாமல் நடைபாதை ஓரத்தில் விற்க வைத்த சந்தை அது, அதனால்தான் இன்றும் கர்ப் மார்க்கெட் என்று பெயர். முழுத்தொகுப்பும் சேர்ந்தபின் இதே தெருவில் 1994 முதல் இருக்கும் ஆபர்ன் அவென்யூ ஆய்வு நூலகத்தில் ஒரு பிரதியை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்கப்போகிறேன்.